அக்டோபர் 10 முடிந்த பிறகு

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டிக் கிடக்கும் கடலோரச் சிற்றூர் கீழவாஞ்சூர். வெளியூரில் இந்தப் பெயர் தெரிந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2009இல் செயல்படத் தொடங்கிய காரைக்கால் தனியார் துறைமுகம் இங்கேதான் இருக்கிறது. மார்க் குழுமம் கட்டிய அந்தத் துறைமுகத்தை, திவால் நடவடிக்கையின் வழியாக 2023இல் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இன்னொரு காரணம் மது. தமிழ்நாட்டு விலையைவிடக் குறைவாகக் கிடைப்பதால், எல்லை தாண்டி வாஞ்சூருக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள்.

பக்கத்தில் மேலவாஞ்சூரில் கெம்பிளாஸ்ட் சன்மாரின் காஸ்டிக் சோடா ஆலை. பனங்குடிப் பக்கம் போனால் சென்னை பெட்ரோலியத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகம். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பணிகளுக்கும் காரைக்கால்தான் தலைமையிடம். வயலும் மீன்பிடியும் மட்டுமே இருந்த பகுதியில் இன்று ஷிப்ட், காண்ட்ராக்ட், கேட் பாஸ் என்று ஒரு முழுத் தொழிலாளர் உலகமே இருக்கிறது.

நிறுவனங்கள் நடத்தும் மனநல விழிப்புணர்வு இயக்கங்களால் உண்மையில் நன்மை விளைகிறதா என்ற கேள்வியை இந்த ஊரில் நின்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். இந்த விவாதம் எப்போதும் பெங்களூரு, சோழிங்கநல்லூர் போன்ற இடங்களின் குளிரூட்டிய அலுவலகங்களைச் சுற்றியே நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10ஆம் தேதி உலக மனநல நாள் வந்ததும் பச்சை ரிப்பன் குத்திக்கொள்வார்கள், பேனர் கட்டுவார்கள், மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைப்பார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். 2024ஆம் ஆண்டுக்கான கருப்பொருளே பணியிட மனநலம்தான். அந்த ஆண்டு இந்தியாவில் இதற்காக ஒட்டப்பட்ட சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. அவற்றால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில், நன்மை என்று சொல்லத் தக்கதைச் சொல்லிவிட வேண்டும். மௌனம் மெய்யாகவே ஆளைக் கொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் கோளாறோடு வாழ்வது தெரியவந்தது. அவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வரவில்லை. வெட்கம் அதற்கு ஒரு பெரிய காரணம். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உடம்பு முழுக்க வலிக்கிறது என்று நம் ஆட்கள் பொது மருத்துவரிடம் போவார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணியிலும் போய்த் தங்குவார்கள். மனநல மருத்துவரின் வாசலை மிதித்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயம் இன்னும் போகவில்லை. இந்தப் பூட்டைத் திறக்க யார் முயன்றாலும், அவர் முதலாளியே ஆனாலும், அது வேண்டிய வேலைதான்.

திறக்க முடியும் என்பதற்கும் ஓரளவு சான்று உண்டு. ஊடகப் பரப்புரைகள் மனநோயாளிகள் மீதான வெறுப்பைக் குறைக்குமா என்று காக்ரேன் அமைப்பு 2013இல் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. முன்முடிவுகள் சற்றுக் குறையக்கூடும், ஆனால் நடைமுறையில் ஒதுக்குவது குறைகிறதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் இன்னும் தெளிவாகச் சொன்னது. நோயை அனுபவித்து மீண்டவர் நேரில் வந்து பேசுவதுதான் மற்றெல்லாவற்றையும்விட மனத்தை மாற்றுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பேனர் கட்டும் நிறுவனங்கள் இதையாவது கவனிக்கலாம். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கிரேன் ஆபரேட்டர், தான் மாத்திரை சாப்பிட்டுத் தேறிய கதையைப் பத்து நிமிடம் சொன்னால், அது எந்த நிபுணரின் ஸ்லைடையும்விட ஆழமாகப் போகும். ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகும் அவருடைய வேலை இருக்க வேண்டும். பெரும்பாலான இயக்கங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கனடாவின் பெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். 2011 முதல் அந்நிறுவனம் ஆண்டுக்கு ஒருநாளை மனநலம் பற்றிப் பேசும் நாளாக நடத்தியது. அன்று அனுப்பப்படும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும், பேசப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஐந்து சென்ட் நன்கொடை. உலகிலேயே பெயர்பெற்ற நிறுவன மனநல இயக்கம் இதுதான் என்று சொல்லலாம். அதனால் பலன் இருந்தது. 2012ஆம் ஆண்டு இயக்கத்துக்குப் பிறகு ஒண்டாரியோ மாநிலத்தில் இளைஞர்கள் மனநல வெளிநோயாளர் பிரிவுகளை நாடுவது கூடியதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பேசியதால் சிலர் மருத்துவரிடம் போனார்கள். அது சிறிய காரியம் அன்று. அதே நிறுவனம் 2024 பிப்ரவரியில், அந்த ஆண்டின் மனநல நாள் முடிந்து இரண்டே வாரத்தில், 4,800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நாடே கொதித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் எடைபோட வேண்டும். பொதுமக்களுக்குக் கிடைத்த நன்மை உண்மை. அதற்காக, நிறுவனம் தன் ஆட்களிடம் நடந்துகொள்ளும் முறைக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

விற்பனைக்காக விழிப்புணர்வு ஊட்டியதும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜப்பானில் பாக்சில் என்ற மனச்சோர்வு மாத்திரையை அறிமுகப்படுத்திய கிளாக்சோ நிறுவனம், மனச்சோர்வு என்பது மனத்துக்கு வரும் சளி போல யாருக்கும் வரக்கூடியது, மருந்தில் தீரும் என்ற செய்தியை நாடெங்கும் பரப்பியது. பலர் முதல்முறையாகத் தயக்கமின்றி மருத்துவரிடம் போனார்கள், மருந்து விற்பனையும் பெருகியது. அளவுக்கு மீறிய வேலையால் நொந்தவர்களுக்கும் மாத்திரையே விடையாகக் காட்டப்பட்டது. இந்தியாவில் 2024 டிசம்பரில் நடந்தது இன்னும் வருந்தத் தக்கது. ஊழியர்களிடம் மனஅழுத்தக் கணக்கெடுப்பு நடத்தி, அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களை வேலையைவிட்டு நீக்கிவிட்டதாக ஒரு நொய்டா நிறுவனத்தின் மின்னஞ்சல் பரவியது. பிறகு, யாரையும் நீக்கவில்லை, விழிப்புணர்வுக்காகச் செய்த விளம்பர உத்தி என்று அந்நிறுவனம் விளக்கம் தந்தது. இந்தச் செய்தியைப் படித்த எத்தனை பேர், அடுத்த முறை தங்கள் கம்பெனி நீட்டும் படிவத்தில் உண்மையை எழுதுவார்கள்? விழிப்புணர்வின் பெயரால் நம்பிக்கையைக் கெடுப்பதைவிடப் பேசாமல் இருப்பது மேல்.

இனி, தங்கள் ஊழியர்களுக்காகவே நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள். தியான வகுப்பு, மனஉறுதிப் பயிற்சி, உறக்கத்துக்கு ஒரு செயலி, ஆலோசகரின் தொலைபேசி எண். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை எடுத்துக்கொண்டது. இத்தகைய திட்டங்களில் பங்கேற்றவர்களின் நலம், பங்கேற்காதவர்களுடையதைவிட எவ்வகையிலும் மேம்பட்டிருக்கவில்லை. விதிவிலக்காக நின்றது தொண்டுப் பணியில் ஈடுபடும் வாய்ப்பு மட்டுமே. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு என்பதால், ஏற்கெனவே நொந்தவர்கள்தான் இத்திட்டங்களில் சேர்ந்திருக்கலாமே என்று எதிர்வாதம் செய்ய இடமுண்டு. ஆனால் குலுக்கல் முறையில் இடங்களைப் பிரித்து நடந்த சோதனையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 பணியிடங்களில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடையே நடந்த அந்த உடல்நல, மனநலத் திட்டத்தின் முடிவுகள் 2019இல் வந்தன. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் மருத்துவ அளவீடுகளிலோ, விடுப்பு நாட்களிலோ, மருத்துவச் செலவிலோ குறிப்பிடத் தக்க மாற்றம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பளுவைக் கூட்டிக்கொண்டே, தாங்கக் கற்றுக்கொள் என்று சொன்னால் எவரால் எவ்வளவு தாங்க முடியும்? வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வதால் நேர்ந்த பக்கவாத, இதயநோய் இறப்புகள் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்கிட்டன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல நெறிமுறைகள், வேலையின் அளவு, நேரம், மேலாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றை மாற்றுவதை முக்கியமாக வலியுறுத்தின. நம் நாட்டிலோ பேச்சு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் புணேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் கணக்காளர் இறந்தார். ஓய்வில்லாத வேலையே மகளைக் கொண்டுபோனது என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியானது. விசாரிக்கப் போன மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை, வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகம் பதிவே செய்யப்படாமல் இருந்ததைக் கண்டது. அந்த அலுவலகத்துக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு பதிவுச் சான்றிதழும் நேரக் கட்டுப்பாடும். கருத்தரங்கம் அதற்குப் பிறகு.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மேசை முன் அமர்ந்து வேலை செய்பவர்களைப் பற்றியவை. கீழவாஞ்சூரில் கேள்வி இன்னும் கடினமாகிறது.

துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. காற்றில் பறக்கும் கரித்தூள் பற்றி நாகூர், வாஞ்சூர் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். சரக்கை ஏற்றி இறக்குகிறவர்கள், வேகன் பக்கம் கூட்டிப் பெருக்குகிறவர்கள், லோடுக்காகக் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள், கிளீனர்கள் என்று இத்தகைய இடங்களில் பெரும்பாலோர் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஒப்பந்ததாரரின் ஆட்கள், அல்லது அவருக்கும் கீழே இருக்கும் மேஸ்திரியின் ஆட்கள். நிறுவனம் ஊழியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் இவர்களுக்குப் போகாது. ஆலோசகரின் எண் ஒட்டியிருக்கும் அறைக்குள் இவர்கள் நுழைவதில்லை. அப்படியே வகுப்புக்கு அழைத்தாலும், அந்த ஒரு மணி நேரக் கூலியை யார் தருவது?

ஆபத்தின் கணக்கோ நேர் எதிராக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 26.4 விழுக்காட்டினர் தினக்கூலிகள். தொழில்வாரியாகப் பார்த்தால் அவர்களே மிகப் பெரிய பிரிவு. லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியில் அது 29.7. மனநல இயக்கங்களின் பணமும் கவனமும் எங்கே குவிகின்றன, இறப்பு எங்கே குவிகிறது என்று இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

துறைமுகத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, ஊராரின் கண்ணில் படாத கூட்டம். கப்பல் தொழிலாளர்கள். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு, கரை தெரிந்தும் இறங்க முடியாமல் தளத்தில் நிற்பவர்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கேட்கப்பட்ட 1,572 கடலோடிகளில் கால்வாசிப் பேருக்கு மனச்சோர்வின் அடையாளங்கள் இருப்பதைக் கண்டது. கப்பலிலேயே நடக்கும் மிரட்டலும் வன்முறையும், நிறுவனம் தங்களைக் கவனிப்பதில்லை என்ற உணர்வும் அதனோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தன. கொரோனா காலத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் சிக்கினார்கள். அந்த ஆண்டுகளில் கப்பல் நிறுவனங்கள் மனநலக் காணொளிகளையும் கையேடுகளையும் நிறைய வெளியிட்டன. நிலைத்த மாற்றம் வேறு வழியில் வந்தது. கப்பலில் இயன்றவரை இணைய வசதி தர வேண்டும் என்பதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள் விதியாக்கின. 2024 டிசம்பர் 23 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. வீட்டில் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது இனி முழுக்க முதலாளியின் தயவில் இல்லை.

விழிப்புணர்வையும் விதியையும் ஒப்பிட இலங்கையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அங்கே அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு 1980களிலிருந்து படிப்படியாகத் தடை செய்தது. 1995இலிருந்து 2015க்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாடு அது. வேளாண் கடைகளில் எதை விற்கலாம் என்று எழுதிய ஓர் ஆணை பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. காவிரி டெல்டாவில் வாழும் நமக்கு இந்தச் செய்தி மற்றவர்களைவிட நெருக்கமானது.

டெல்டாக் கரைக்குச் சொந்த அனுபவமும் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரைக்கால் மீனவ ஊர்களிலும் நூற்றுக்கணக்கில் சாவு. அடுத்த வாரங்களில் இந்தக் கரைக்கு வந்த உதவிகளில் மன ஆலோசனையும் ஒன்று. நிம்ஹான்ஸ் போன்றவை உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து அவர்களை வீடுவீடாக அனுப்பின. அந்த வேலை நிலைத்தது. இந்தப் பேரழிவின் படிப்பினைகளையும் சேர்த்து 2007இல் உருவான பன்னாட்டு நெறிமுறை, உதவியை அடுக்குகளாக வைத்தது. அடித்தளத்தில் கூரை, உணவு, பாதுகாப்பு, பிழைப்பு. அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. அதற்கும் மேலேதான் ஆலோசகர், உச்சியில் மனநல மருத்துவர். படகு போனவருக்குப் படகு கிடைப்பதும், வீடு போனவருக்கு வீடு கிடைப்பதும் மனநல உதவிதான் என்று இந்தக் கடற்கரை அன்றே உலகத்துக்குச் சொன்னது. சம்பளம் மாதம் பிறந்து எத்தனையாம் தேதி வருகிறது என்பதும் மனநலக் கேள்விதான் என்று இங்குள்ள நிறுவனங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை என்று வரும்போது வேறொரு சுவர். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள்தான். மூன்று பேராவது வேண்டும் என்பது பரிந்துரை. ஊரைக் கூட்டிக் கூச்சத்தைவிட்டுப் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பார்க்க மருத்துவர் இல்லாமல் விடுவது, இலை போட்டு உட்காரவைத்த பிறகு சோறு ஆக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அப்படி ஏமாந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

ஆனால் மருத்துவர் இல்லையே என்று கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. கோவாவில் சங்காத் அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி தந்து ஆலோசகர்களாக்கிச் சோதித்தது. முடிவுகள் 2017இல் லான்செட்டில் வந்தன. கடும் மனச்சோர்வில் இருந்தவர்களில், ஆலோசனை பெற்ற 64 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. உடன் நடந்த இன்னொரு சோதனை, உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடிக்கும் ஆண்களுக்கானது. அதில் 36 விழுக்காட்டினர் மீண்டார்கள், மற்ற குழுவில் 26. சில அமர்வுகள் உட்கார்ந்து பேசியதில் கிடைத்த பலன் இது.

வாஞ்சூரைப் பற்றி எழுதும்போது இந்தக் குடிச் சோதனையை நான் அழுத்திச் சொல்கிறேன். தேசிய மனநல ஆய்வில் குடிநோய்க்குச் சிகிச்சை பெறாதவர்கள் 86 விழுக்காடு. அக்டோபர் 10ஆம் தேதிப் பேனர்களில் குடி என்ற சொல்லே வருவதில்லை. மனஅழுத்தம், பதற்றம், சோர்வு ஆகியவை எழுதத் தக்கவையாகவும், குடி ஒழுக்கக் கேடாகவும் இன்னும் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. குடித்துவிட்டு வந்தால் கேட்டில் மூச்சுச் சோதனை, பிடிபட்டால் வேலை போகும். பாதுகாப்புக்கு அந்தச் சோதனை வேண்டியதுதான். ஆனால் பிடிபட்டவரை ஆலோசகரிடம் அனுப்பி, தேறி வந்தால் மீண்டும் வேலை என்று ஒரு நிறுவனம் எழுதிவைத்தால், எல்லையோரத்தில் வரிசையாக மதுக்கடைகள் இருக்கும் இந்த ஊரில் அது ஆயிரம் சுவரொட்டிகளுக்கு மேல். குடிப்பவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதனால் கிடைக்கும் நிம்மதியை எந்தக் கணக்கெடுப்பாலும் அளந்துவிட முடியாது.

விழிப்புணர்வே தீங்கு செய்யும் என்ற வாதமும் இப்போது எழுந்திருக்கிறது. லூசி ஃபௌக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல், இடைவிடாத பரப்புரையால் அன்றாட வருத்தத்தையும் நோயாகவே கருதும் போக்கு சிலரிடம் வளரலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் யோசிக்க வேண்டிய கருத்து. இன்னும் முதல் வார்த்தையே பேசத் தொடங்காத நம் தொழிலாளிகளிடம் அந்தக் கவலைக்கு இப்போது இடமில்லை.

பணத்துக்கு வருவோம். நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மத்திய அரசின் 2014 ஜூன் சுற்றறிக்கை ஒன்று இங்கே நினைவில் வைக்கத் தக்கது. மாரத்தான் ஓட்டம், விருது விழா, விளம்பரம், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆதரவு போன்ற ஒருநாள் காரியங்கள் இந்தச் செலவில் சேராது என்று அது தெளிவாகச் சொன்னது. ஓட்டப்பந்தயம் நடத்தி மனநலச் சேவை என்று கணக்கெழுத முடியாது என்பதுதான் அதன் பொருள். இந்தப் பணத்தை உருப்படியாகச் செலவிட வழிகள் இல்லாமலும் இல்லை. மாரிகோவின் ஹர்ஷ் மாரிவாலா 2015இல் தொடங்கிய மனநல முயற்சி, களத்தில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு நிதி தருகிறது. அதே ஆண்டு நடிகை தீபிகா படுகோன் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசி ஓர் அறக்கட்டளை தொடங்கினார். விழிப்புணர்வு விளம்பரங்களில் பெயர்பெற்ற அந்த அமைப்பு, கர்நாடகத்தின் தாவணகெரேயில் 2016இல் கிராமப்புறத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டின் திருவள்ளூர் வரை கொண்டுவந்தது. மருத்துவரையும் மருந்தையும் கிராமத்து நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் எட்டவைக்கும் வேலை அது. நட்சத்திரத்தின் முகம் வீணாகாமல், அதன் வெளிச்சம் கடைசியில் ஒரு மாத்திரை அட்டையாக மாறிய இடம் என்று அதை மதிக்கிறேன்.

ஆகவே என் முடிவு இதுதான். நிறுவனங்களின் மனநல இயக்கம் வாயைத் திறக்கவைக்கிறது, அந்த அளவில் நன்மை செய்கிறது. திறந்த வாய்க்குப் பின்னால் சிகிச்சையும் விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் இல்லையென்றால் அந்த நன்மை சில வாரங்களில் கரைந்துபோகிறது. வேலையின் பளுவை அப்படியே வைத்துக்கொண்டு நடத்தும் இயக்கம் ஊழியருக்கு நன்மை செய்ததாகச் சான்றுகள் காட்டவில்லை. மிகுந்த ஆபத்தில் இருக்கும் கூலித் தொழிலாளியை அது தொடவே இல்லை.

தொடுவதற்குச் சட்டமே ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஒரு குறை: தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த 29 தொழில்சார் நோய்களில் மனநோய் ஒன்றுகூட இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தக் குறை நீங்கும்வரை கைகொடுக்கக் கூடியது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். அதன் நீட்டித்த நோய்ச் சலுகைப் பட்டியலில் 34 நோய்கள் இருக்கின்றன. மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அவற்றில் உண்டு. தகுதியுள்ள தொழிலாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் கூலியில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். இதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுப் பணியும் அந்தக் காலத்தில் குறிப்பிட்ட அளவு பங்களிப்பும் வேண்டும். காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் பங்களிப்பு அறுந்துபோகிறவருக்கு இந்த உரிமையும் அறுந்துபோகிறது. ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் பங்களிப்பைக் கட்டும் பொறுப்பை 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் முதன்மை முதலாளியின் மீதுதான் வைத்தது. எந்த மனநலச் சுவரொட்டியிலும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

கீழவாஞ்சூரிலும் டெல்டாக் கரையெங்கும் தொழில் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். அடுத்த அக்டோபருக்குள் உங்கள் வாயிலுக்குள் நுழையும் கடைசிக் கூலியாள் வரைக்கும் இ.எஸ்.ஐ. பங்களிப்பு இடைவெளியில்லாமல் போகிறதா என்று பாருங்கள். உங்கள் குழு மருத்துவக் காப்பீடு மனநோயை உடல்நோய்க்கு நிகராக நடத்துகிறதா என்று படித்துப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பேனருக்கு ஒதுக்கிய தொகையில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆலோசனை தர உள்ளூர்ப் பெண்கள் இருவருக்கு ஆண்டு முழுதும் சம்பளம் கொடுங்கள்.

படிக்கிற தொழிலாளத் தோழருக்கும் அவர் வீட்டாருக்கும் ஒன்று. மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம்.